ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டம்ளர்

அக்கா டம்ளரைக் கீழே வைத்தால் அதில் ஒரு சொட்டு மிஞ்சாது. மிஞ்சினாலும் விடமாட்டார். அண்ணாந்து, டம்ளரின் அடியை விரலால் ஒரு தட்டுத் தட்டி, அந்தக் கடைசிச் சொட்டும் நாக்கில் விழுந்த பிறகுதான் வைப்பார். வைத்துவிட்டு, கொடுத்தவர் முகத்தைப் பார்த்து, "அம்மாடி, நெஞ்சு குளுந்துருச்சு" என்பார். கொதிக்கக் கொதிக்க, தே என்கிற தேநீர் கொடுத்திருந்தாலும் நெஞ்சு குளிர்ந்துவிட்டதாகத்தான் சொல்வார்.

எங்கள் அடுக்குமாடியில் எல்லோருக்கும் அவர் அக்காதான். அவரைவிட மூத்த கிழவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மலாய்க்காரப் பிள்ளைகளுக்கும் அக்கா. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி 'ஆக்கா, ஆக்கா' என்று நீட்டி இழுப்பார். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், கடைசிவரை.

குட்டையான, உருண்டையான உருவம். பூப்போட்ட பஞ்சாபி உடை போட்டு, அதற்குக் கீழே பள்ளிப் பிள்ளைகள் மாட்டும் வெள்ளைச் சப்பாத்தை மாட்டியிருப்பார். ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறை கூட்டித் துடைத்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் கப்பல்துறையில் வேலை பார்த்து, இளம் வயதிலேயே போய்விட்டார். பிள்ளை இல்லை. ஐந்தாவது மாடியில் தனியாக இருந்தார். தனியாக என்று சொன்னாலும், அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. யார்மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

நான் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னியல் தொழிற்சாலையில், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தே காலத்தைத் தள்ளியவள். கண் மங்கியதும் வேலை போனது. வீட்டில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, ஒருநாள் அக்கா வந்து கையைப் பிடித்து எழுப்பினார்.

"கீழ டேவான்ல நர்ஸ் மிஸ்ஸிங்க வந்திருக்காங்க. ஒருத்தரும் போவல. பாவம், மெஷின வச்சிக்கிட்டு ஈ ஓட்டிக்கிட்டிருக்காங்க. வா, நாமளாச்சும் போய் கைய நீட்டுவோம்."

இனிப்புநீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை வியாதி வராமல் தடுக்க மாநிலம் முழுக்கப் போட்டிருந்த பெரிய திட்டம் அது. வந்தபிறகு மாத்திரை கொடுப்பதைவிட, வருவதற்கு முன்பே ஆளைப் பிடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முப்பது வயது தாண்டிய எல்லோருக்கும் விரலில் குத்திப் பார்ப்பது, எடை பார்ப்பது, வரப்போகிறவர்களைத் தனியாகப் பிரித்து நடக்க வைப்பது, சாப்பாட்டை மாற்றச் சொல்லிக் கொடுப்பது. டேவான் என்று நாங்கள் சொல்லும் கீழ்த்தளப் பொதுமண்டபத்தில் நாற்காலி, பேனர், பலூன்கூட இருந்தது. ஆட்கள்தான் இல்லை. பலூனைப் பார்த்துவிட்டுத் தேர்தல் வந்துவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு.

எனக்குக் குத்திப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. அக்காவின் விரலில் குத்திய மிஸ்ஸி மெஷினை இரண்டு தடவை பார்த்தாள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து தினமும் கடலைத் தாண்டி வேலைக்கு வரும் சின்னப் பெண் அவள். நர்ஸ் படிப்பு முடித்து அதிக நாள் ஆகவில்லை.

"அக்கா, உங்களுக்கு இனிப்புநீர் இன்னும் வரல. ஆனா வாசல்ல வந்து நிக்குது. இனிப்புத் தண்ணி எல்லாத்தையும் நிறுத்தி, தினம் கொஞ்சம் நடந்தீங்கன்னா அப்படியே திரும்பிப் போயிடும். நிறுத்தலன்னா உள்ள வந்துரும்லா."

"வாசல்ல நிக்கிறவங்கள உள்ள கூப்புட்டுத்தான் பழக்கம் மிஸ்ஸி" என்றார் அக்கா. மிஸ்ஸி சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்றுதான் அன்றைக்கு நினைத்தோம்.

ஆள் வரவில்லை என்றால் வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டியதுதான் என்று முடிவானது. அந்த வேலைக்கு அக்காவும் நானும் சேர்ந்தோம். சம்பளமில்லாத வேலை; ஒரு டீ-சட்டை கொடுத்தார்கள், அது அக்காவுக்குப் பற்றவில்லை.

முதல் நாள் முதல் வீடு. வீட்டுக்காரி ரோஜா நிறச் சிராப்பைக் கலக்கி, ஐஸ் போட்டு எடுத்து வந்தாள். நான் மிஸ்ஸி சொல்லிக் கொடுத்தபடி, "வேண்டாம்மா, இனிப்பு குடிக்கறதில்ல" என்று தட்டை நகர்த்தினேன். அவ்வளவுதான். அந்த முகத்தில் விளக்கணைந்து போனது. நான் பேசியதற்கெல்லாம் ஊம் கொட்டினாள், கதவைச் சாத்தினாள், டேவான் பக்கம் தலை காட்டவில்லை. இரண்டாவது வீட்டில் அக்கா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, டம்ளரைக் கையில் வாங்கி, சொட்டு விடாமல் குடித்தார். நெஞ்சு குளிர்ந்தது. அந்த வீட்டிலிருந்து மாமியார், மருமகள், வேலை முடித்து வந்த மகன் என்று மறுநாள் வரிசையாக இறங்கி வந்து விரலை நீட்டினார்கள்.

"பாத்தியா? நாம அவங்க தண்ணிய குடிச்சாத்தான் அவங்க நம்ம பேச்ச குடிப்பாங்க" என்றார்.

"பாலும் சீனியும் இல்லாம கேட்டா என்னாக்கா? தே ஓ கோசோங் போடச் சொல்லுங்களேன்."

"வந்தவங்களுக்கு வெறும் தே ஓவா? அவங்களுக்கு மானம் போயிடும்லா தங்கச்சி. நீ குடுப்பியா?"

நானும் கொடுக்கமாட்டேன். அதுதான் உண்மை. எங்கள் மாடிகளில் வீட்டுக்கு வந்தவருக்குச் சீனி குறைத்துக் கொடுப்பது, வராதே என்று சொல்வதற்குச் சமம். அதிலும் இல்லாத வீட்டில்தான் இனிப்பு அதிகம். குளிர்சாதனம் வைத்த வீட்டில் அளந்து போட்டார்கள். வேலை போன வீட்டில், மின்கட்டணம் பாக்கி நின்ற வீட்டில், இனிப்புப் பால் டின்னைக் கவிழ்த்துப் பிடித்து, கரண்டி நிற்கிற அளவுக்கு இழுத்துத் தந்தார்கள். அக்கா அதையும் தட்டித் தட்டிக் குடித்தார். இப்படி மாடி மாடியாக, ஒரு மாலையில் எத்தனை வீடோ அத்தனை டம்ளர்.

நான் சும்மா இருக்கவில்லை. திட்டினேன், கெஞ்சினேன், தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன்.

"ஆமா" என்றார், கோபமே இல்லாமல். "எனக்கும் சேத்து அவங்க திருந்தட்டும்."

கீழ்த்தளத்தில் பாய் ஒருவர் தேக்கடை வைத்திருந்தார். தாத்தா காலத்திலிருந்து பினாங்கில் கடை வைத்திருக்கும் குடும்பம். இரண்டு குவளைகளுக்கு இடையில் தேயை ஓராள் உயரத்துக்கு இழுக்கும் கைக்காரர். கேட்காமலே சீனி குறைத்துப் போடும்படி கடைகளைப் பழக்க வேண்டும் என்பது திட்டத்தில் ஒன்று. மிஸ்ஸி ஒரு படம் போட்ட தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பாய் அதை மரியாதையாக வாங்கி, வடைத் தட்டுக்கு அடியில் விரித்தார்.

மறுநாள் அக்கா போய் உட்கார்ந்தார்.

"பாய், இப்ப கொறச்சு வேணுங்கறவன்தானே வாய தொறந்து கேக்கறான்? அத தலகீழா மாத்துங்க. எல்லாருக்கும் கொறச்சே போடுங்க. இனிப்பு வேணுங்கறவன் கேக்கட்டும்."

"கடைய இழுத்து மூடிட்டு மாமியார் வீட்டுக்குப் போவச் சொல்றீங்களா அக்கா? சப்புனு இருந்தா எவன் வருவான்?"

"மனுசன் சோம்பேறி பாய். கேக்க மாட்டான். ரெண்டு நாள் மொறைப்பான், மூணாம் நாள் மறந்துருவான்."

மூன்று நாளில் மறக்கவில்லை. முதல் வாரம் கடையில் ஒரே ரகளை. மூன்றாவது மாடி லாரி ஓட்டும் தம்பி, டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "பாய், கழுவுன தண்ணிய மாத்திக் குடுத்துட்டீங்க" என்று கத்தினார். ஆனால் வேறு கடைக்கு யார் நடப்பது? மெல்ல மெல்ல நாக்கு பழகியது. ஒருநாள் அதே லாரித்தம்பி படகுத்துறை ஜெட்டிப் பக்கம் எங்கோ தே குடித்துவிட்டு வந்து, "சே, பாயாசம் மாதிரி இருக்கு பாய்" என்றார். பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அக்காவுக்கென்று, பால் டின்னைச் சாய்த்து, பழைய முறையில், நுரை பொங்க ஒரு தே இழுத்து அவரே கொண்டுவந்து வைத்தார். அக்கா அதை என்ன செய்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கூப்பிடப் போன வீடுகள் ஒன்றொன்றாக வழிக்கு வந்தன. மாலையில் திடலைச் சுற்றி ஒரு கூட்டமே நடந்தது. தமிழ்ப் பெண்கள் பேசிக்கொண்டு நடந்தார்கள், மலாய்ப் பெண்கள் சிரித்துக்கொண்டு நடந்தார்கள், சீனப் பாட்டி கையை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு எல்லோரையும் முந்தினார். லாரித்தம்பிக்கும் வாசலில்தான் நின்றிருந்தது. ஒரு வருடத்தில் அது திரும்பிப் போய்விட்டது என்று மிஸ்ஸி சொன்னபோது, அவ்வளவு பெரிய ஆள் டேவான் நடுவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய அப்பாவும் அண்ணனும் அந்த வியாதியில்தான் போனார்கள். அடுத்தது தான் என்று எழுதிவைத்த மாதிரி இருந்த மனிதர்.

அந்த வருடச் சோதனையன்று வரிசையை ஒழுங்கு செய்தது அக்கா. ஊசிக்குப் பயந்தவர்களின் மறுகையைப் பிடித்துக்கொண்டது அக்கா. "அங்க பாக்காத, என்னைப் பாரு. என் மூக்குத்தி எத்தன கல்லு சொல்லு" என்பார், அவர்கள் எண்ணி முடிப்பதற்குள் குத்தி முடிந்திருக்கும். அவர் முறை எப்போது என்று நான் கேட்டேன்.

"எல்லாரும் முடிக்கட்டும்."

எல்லோரும் முடித்தார்கள். மிஸ்ஸிகள் மெஷினைப் பெட்டியில் வைத்து மூடினார்கள். அடுத்த வருடமும் அதே பதில். பிறகு கோவிட் வந்து எல்லாம் நின்றது. மறுபடி தொடங்கியபோதும் அதே பதில்தான். யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க என்ன இருக்கிறது, அக்கா திட்டத்து ஆள்தானே, அவருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டார்கள். ஆயிரம் பேரைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த திட்டத்துக்கு, மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற ஒருத்தி கண்ணில் படவில்லை.

ஒருநாள் நான் விடவில்லை. லிப்ட் கெட்டுப்போயிருந்தது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்திருந்தார். "ஏன்க்கா குத்திப் பாக்க மாட்டேங்கறீங்க? பயமா?" என்றேன்.

"பாத்தா தெரிஞ்சுரும். தெரிஞ்சா குடிக்கக்கூடாது. குடிக்காம நான் எப்படி ஒரு வீட்டுல உக்காருவேன்?"

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கீழே நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா முனிசிபல்ல சாக்கட கூட்டுனவரு. அது மட்டுமில்ல. ஊர்லேருந்து கப்பல் ஏறும்போதே கூட ஒட்டிக்கிட்டு வந்தது ஒண்ணு இருக்குல்ல, அதுவும்."

சாதியைச் சொல்கிறார் என்று புரிந்தது.

"நான் சின்னப் புள்ள. ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கம்மா கோயில்ல பழக்கமான ஆளுங்கள எல்லாம் வீட்டுக்குக் கூப்புடுவாங்க. வருவாங்க தங்கச்சி, வராம இல்ல. உக்காருவாங்க, நல்லா பேசுவாங்க, சிரிப்பாங்க. சிராப்ப மட்டும் தொட மாட்டாங்க. 'இப்பதான் குடிச்சுட்டு வந்தோம்'பாங்க. அவங்க போனப்புறம் மேசயில பாத்தா, வச்ச கிளாசு வச்ச மாதிரியே நிக்கும். ஐஸெல்லாம் கரைஞ்சு போயி."

"அப்பறம்?"

"அப்பறம் என்னா. சீனி போட்டத கீழ ஊத்த மனசு வருமா? எல்லாத்தயும் நான்தான் குடிப்பேன். எனக்கு ஒரே சந்தோசம். இவ்வளவு சிராப்பும் எனக்கே எனக்கு. எங்கம்மா ஏன் அடுப்படியில நின்னு அழுவறாங்கன்னு எனக்கு அப்ப தெரியல." சப்பாத்து வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "கொடுத்த கிளாச அப்படியே வச்சிட்டுப் போறது பெரிய பாவம் தங்கச்சி. அத விட்டுட்டு வேற என்னா வேணாலும் சொல்லு, கேக்கறேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன்.

நான் தோற்ற இடத்தில் மிஸ்ஸி ஒரு வழி கண்டுபிடித்தாள். நல்ல மனதோடுதான் செய்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம். அக்காவின் கால் சற்று வீங்கியிருந்ததையும், அடிக்கடி தண்ணீர் தாகம் எடுப்பதையும் அவள் கவனித்தாள். நாங்கள் போகவிருந்த வீடுகளுக்கு அவள் முன்னாலேயே போய், "அக்கா வந்தா பச்சத்தண்ணி மட்டும் குடுங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க, அவங்க மனசு கஷ்டப்படும்" என்று காதோடு காதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். என்னிடமும் சொல்லவில்லை.

முதல் வீட்டில் பச்சைத்தண்ணீர் வந்தது. அக்கா ஒரு நொடி டம்ளரைப் பார்த்தார், குடித்தார். "நெஞ்சு குளுந்துருச்சு" என்றார், குரல் இறங்கியிருந்தது. இரண்டாவது வீட்டிலும் பச்சைத்தண்ணீர். மூன்றாவது வீட்டில், அடுப்பில் தே கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருக்க, பச்சைத்தண்ணீரைத்தான் கொண்டுவந்து வைத்தார்கள். அக்கா அதைத் தொடாமல் வீட்டுக்காரியைப் பார்த்துக் கேட்டார்.

"என்னப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?"

ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தவள், தரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லையேக்கா" என்றாள். முகம் சிவந்துவிட்டது.

அக்கா அந்தத் தண்ணீரையும் குடித்தார். வெளியே வந்தார். என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் படியேறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளும் திறக்கவில்லை, அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. நடக்கிற கூட்டம் கீழே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர் இல்லாமலே நடந்தது. நான் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தபோது உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"எங்கப்பா முனிசிபல்னு யாருகிட்ட சொன்ன? உன்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்."

அந்தக் கதவுக்கு வெளியே நின்று நான் செய்யாத சத்தியமில்லை. பெற்ற பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தேன். அப்படியும் திறக்கவில்லை. என் அழுகைச் சத்தம் கேட்டு யாரோ மிஸ்ஸிக்குப் போன் செய்திருக்கிறார்கள். அவள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, மூச்சு இரைக்க, "அக்கா, நான்தான்க்கா, சீனி ஏறிடும்னுதான்க்கா சொன்னேன்" என்று கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

கதவு திறந்தது. அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் நீர் வழிய, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவ்வளவுதானா? சீனிக்காகத்தானா? அட என் ராசாத்தி!" என்று அவளைக் கட்டிக்கொண்டார். அத்தனை வருடத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

அன்றோடு தீர்ந்தது. பச்சைத்தண்ணீர் கொடுத்ததில் அக்கா மனம் நொந்து கதவைச் சாத்திக்கொண்டார் என்ற செய்தி மாடி மாடியாகப் போனது. காரணம் யாருக்கும் தெரியாது, நொந்தார் என்பது மட்டும் தெரியும். அந்த மூன்று வீட்டுக்காரிகளும் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பட்ட வருத்தத்துக்கெல்லாம் சேர்த்துப் பாலும் சீனியும் போட்டு ஆற்றிக் கொடுத்தார்கள். அதன்பிறகு அவருக்குச் சீனி குறைத்துக் கொடுக்கும் தைரியம் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. மிஸ்ஸிக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

கால்தான் காட்டிக்கொடுத்தது. திடலில் நடக்கும்போது வெள்ளைச் சப்பாத்தில் சிவப்பாகக் கசிந்திருந்ததைச் சீனப் பாட்டிதான் முதலில் பார்த்துச் சத்தம் போட்டார். அக்கா குனிந்து பார்த்து, "அலாமா, இது எப்ப?" என்றார். சப்பாத்தைக் கழற்றினால், அடிப்பாதத்தில் ஒரு இரும்பாணி. எத்தனை நாளாகக் குத்திக்கொண்டிருந்ததோ, அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவே இல்லையாம். சுற்றிலும் கறுத்துப்போயிருந்தது. அத்தனை பேருக்கு விரலில் குத்துகிறபோது கையைப் பிடித்துக்கொண்டவருக்கு, காலில் இரும்பு ஏறியது தெரியவில்லை. நான் புல்லில் உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பெரியாஸ்பத்திரியில் குத்திப் பார்த்தார்கள். முதல் நாள் டேவானில் பார்த்ததற்குப் பிறகு, அப்போதுதான் பார்க்கிறார்கள். வாசலில் நின்றது உள்ளே வந்து, உட்கார்ந்து, வீட்டையே தின்றிருந்தது. டாக்டர் பொறுமையான மனிதர். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிர் தங்கும் என்றார். எடுக்காவிட்டால் விஷம் மேலே ஏறும், அதிக நாள் இல்லை என்றார். மலாயில் சொன்னார், ஆங்கிலத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்.

"வேண்டாம்" என்றார் அக்கா.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டேன்.

"வேண்டாம் தங்கச்சி."

செய்தி கேட்டு எங்கள் அடுக்குமாடியே கிளம்பி வந்தது. பார்வையாளர் நேரத்தில் வார்டு வாசலில் காவலர் தடுத்துப் பார்த்துவிட்டு, முடியாமல் விட்டுவிட்டார். மாமியார்கள், மருமகள்கள், மலாய்ப் பெண்கள், கையில் தடியோடு சீனப் பாட்டி. பாய் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். மிஸ்ஸி சீருடையோடு வந்து, கால்மாட்டில் நின்று, கட்டுப் போட்ட அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கு ஆள் கெஞ்சினார்கள். அவர் பேச்சைக் கேட்டு விரலை நீட்டிய அத்தனை கைகளும் அன்றைக்கு அவர் கையைப் பிடித்தன.

லாரித்தம்பி தரையில் மண்டி போட்டுவிட்டார்.

"நான் வர மாட்டேன்னுதானே சொன்னேன். என்னை இழுத்துட்டுப் போனது நீங்கதானேக்கா. எங்கப்பா மாதிரி நான் போயிருக்கணும், போவாம இருக்கேன். எங்களுக்காக சரின்னு சொல்லுங்கக்கா."

"வேண்டாம்பா" என்றார். சிரித்த முகத்தோடு, பிள்ளையிடம் சொல்கிற மாதிரி சொன்னார். "எந்திரி, தரை சில்லுனு இருக்கும்."

எல்லோரும் போன பிறகு எனக்கு வெடித்துவிட்டது. வார்டு என்றும் பார்க்காமல் கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேண்டாம்னு சொல்ல உங்களுக்குத் தெரியும்ல? வாயில வருதுல்ல? இத்தன வருசம், இத்தன வீடு. அங்க ஒரு தடவ சொல்லியிருந்தா என்னா? ஒரே ஒரு தடவ சொல்லியிருந்தா என்னாக்கா?"

அவர் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். உள்ளங்கை சுட்டது. காய்ச்சல் ஏறியிருந்தது.

"அது அவங்க குடுத்தது தங்கச்சி" என்றார். "இது எங்கிட்டேருந்து எடுக்கறது. குடுக்கறதத்தான் எனக்கு மறுக்கத் தெரியாது."

அடுத்து என்ன சொன்னால் அவர் மனம் மாறும் என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன். வீட்டில் யோசித்தேன், மறுநாள் பஸ்ஸில் யோசித்தேன், வார்டுக்குள் நடக்கும்போதும் யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன். மாடி மாடியாக ஏறி எத்தனையோ வீட்டில் 'வேண்டாம்' என்றவர்களையெல்லாம் நாங்கள் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறோம். பேசியது முழுக்க அவர்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.